கலர் வராத கேசட்டு

இன்ஸ்பெக்டர் ஐயா கொடுத்த பேனா நன்றாக எழுதுகிறது. எங்கள் தெருக் கடையில் வாங்கும் பேனாவை இரண்டு வரிக்கு ஒருமுறை உதற வேண்டும், இது அப்படியில்லை. ரைட்டர்தான் எழுதிக்கொள்கிறேன் என்றார். நான் பேசுகிற வேகத்துக்கு அவர் கை வராது. அதனால் நானே என் கைப்பட எழுதித் தருகிறேன்.

முதலில் சத்தியம். கருவடிக்குப்பத்தில் குடியிருக்கும் ஆதிமூலம் ஆகிய நான், வயது எழுபத்தொன்று, மில் வேலையிலிருந்து நின்றவன், இதில் எழுதும் ஒவ்வொரு வார்த்தையும் உண்மை என்று மணக்குள விநாயகர் மேலும் என் இரண்டு கண்கள் மேலும் சத்தியம் செய்கிறேன். ஊரில் என்னைப் பற்றி வேறு மாதிரிச் சொல்வார்கள். கடற்கரையில் இருந்த பழைய பாலம் புயலில் விழுந்தபோது அதன் மேல் கடைசியாக ஓடி வந்தவன் நான்தான் என்றும், எனக்குப் பின்னால் பலகை பலகையாக விழுந்துகொண்டே வந்தும் என் வாயிலிருந்த பீடியின் சாம்பல்கூட உதிரவில்லை என்றும் நான் சொல்வதுண்டு. அதுவும் உண்மைதான். அதற்குச் சாட்சி கிடையாது. இதற்கு இருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் யாரையும் கைநீட்டி அடித்ததில்லை. யார் சோற்றிலும் எதையும் கலந்ததில்லை. ஒரு வீடியோக்காரரை வேலைக்கு அமர்த்தினேன். எப்படி அமர்த்தினேன், ஏன் அவரையே அமர்த்தினேன் என்று சொல்லிவிட்டால் மீதி உங்களுக்கே விளங்கிவிடும்.

ராஜாங்கம் என் பக்கத்து வீட்டுக்காரன். சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். இந்தோசீனாவில் சண்டை போட்டவன். மனைவி போய்ச் சேர்ந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. ஒரே மகன் தேவதாஸ், பாரிசுக்குப் பக்கத்தில் பெண்டாட்டி பிள்ளைகளோடு இருக்கிறான்.

நான் மில்லிலிருந்து நின்ற வருடம் ராஜாங்கம் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தான். வந்த அன்றைக்கே அவனிடம் பாலம் விழுந்த கதையைச் சொன்னேன். ஊரில் யாரும் என் கதைக்குப் பாதி வரைகூட நிற்க மாட்டார்கள். என் சம்சாரம் உயிரோடு இருந்தபோது, நான் தொண்டையைச் செருமினாலே அடுப்படிக்குப் போய்விடுவாள். மில்லில் என்னோடு தறி ஓட்டியவர்கள் சங்கு ஊதியதும் வேறு வாசல் வழியாகப் போனார்கள். ராஜாங்கம் மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் மூச்சு வாங்க ஒரு நிமிடம் நிறுத்தினேன். அவன் பரேடு மைதானத்தில் கூப்பிடுகிற குரலில், "அப்புறம்?" என்றான்.

ஐயா, அறுபது வயது வரை என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

அதிலிருந்து பதினோரு வருடம். சாயங்காலம் நாலு மணிக்கு அவன் வீட்டு வாசலில் இரண்டு பிரம்பு நாற்காலி போடுவான். விளக்கு வைக்கும் வரை நான் பேசுவேன். தறியில் ஒரு துண்டு நெய்யத் தொடங்கி நிறுத்த மறந்துபோய் அது வில்லியனூர் வரை நீண்டதை அவனிடம் சொன்னேன். பிரெஞ்சுக் கவர்னர் ஒருவரின் தொப்பியை நான் அரிந்த வஞ்சிரத்தின் வயிற்றிலிருந்து எடுத்துக் கொடுத்ததைச் சொன்னேன். ஒருநாளும் அவன் "ரீல் விடாதய்யா" என்றதில்லை. கொட்டாவி விட்டதில்லை. நான் நிறுத்தினால் "அப்புறம்?" என்பான், எழுந்திரிக்கும் நேரம் வந்தால் "சரிதான்" என்பான். அந்த இரண்டு சொல்லும் போதும் எனக்கு. பென்ஷன் இல்லாதவனுக்கு அதுதான் பென்ஷன்.

இந்த வருடம், அதாவது எண்பத்தாறில், ஆனி மாதம் தேவதாசிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ராஜாங்கம் பேருக்கு இல்லை, என் பேருக்கு. "மாமா, அப்பா லெட்டரெல்லாம் இப்ப உங்க கையெழுத்துல வருது. அவருக்கு உடம்பு சரியில்லயோன்னு பயமா இருக்கு. வீடியோ புடிச்சி அனுப்புங்க, என் கண்ணால அவரப் பாக்கணும். கொஞ்சம் முடியாம இருந்தாலும் சொல்லுங்க, அடுத்த பிளேன்ல வந்து கூட்டிட்டு வந்துடுறேன். இங்க நல்ல ஆஸ்பத்திரி இருக்கு." எழுதியதை அப்படியே சொல்கிறேன். கடிதம் உங்கள் மேசையில்தான் இருக்கிறது.

ஆக, வீடியோக்காரர் ஒருவரைப் பிடிக்க வேண்டியதாயிற்று. நான் அவசரப்படவில்லை. மூன்று பேரைப் பார்த்தேன்.

முதல் ஆள் கடைத்தெருவில் ஸ்டூடியோ வைத்திருந்தார். கண்ணாடிக் கதவு, மின்விசிறி, எல்லாம் உண்டு. எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். பிரான்சுக்கு அனுப்பப் போகிறேன் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கவலயே படாதீங்க பெரியவரே. இங்க எடுக்கிற கேசட்டு அங்க ஓடும், ஆனா கலர் வராது. அவங்க டிவி சிஸ்டம் வேற. நாங்க மெட்ராசுக்கு அனுப்பி மாத்திக் குடுத்துடுவோம். உங்க சொல்தா அங்க ரோசாப்பூ மாதிரி தெரிவாரு" என்றார். நல்ல மனிதர், தொழில் தெரிந்தவர். டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டாவது ஆள் மூலக்குளத்தில் இருந்தார். அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "மொதல்ல ஆளப் பாக்கணும் சார். மூஞ்சி பாக்காம லைட்டு சொல்ல முடியாது." ஒரு நாள் முன்கூட்டியே வந்து பக்கத்தில் உட்கார்ந்து முகத்தைப் பார்ப்பாராம். அவரும் வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

மூன்றாவது ஆளைப் பற்றி எனக்குத் தெரிய வந்தது பால் பூத்தில். எங்கள் தெரு ஆயம்மா, இந்த வருடம் மகளைப் பிரான்ஸ் மாப்பிள்ளைக்குக் கட்டிக் கொடுத்தவள், வரிசையில் நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஒருவனைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"அரக்குக் கலர்ல கூரப்பொடவ எடுத்தோம். காஞ்சிபுரம் போயி எடுத்தோம். அந்தக் கட்டையில போறவன் புடிச்ச கேசட்ட அங்க போட்டா, பொடவ சாம்பலாத் தெரியுதாம். மஞ்சள், குங்குமம், மாலை, எல்லாம் சாம்பல். சம்மந்தியம்மா லெட்டர் போடுறா, 'இன்னா, உங்க ஊர்ல அம்மாவாசயிலதான் கல்யாணம் பண்ணுவீங்களா'ன்னு. என் மானமே போச்சி."

"யாரும்மா அந்த வீடியோக்காரன்?" என்று கேட்டேன்.

"இன்னாத்துக்கு? நீ கல்யாணம் பண்ணிக்கப் போறியா?" என்றாள். சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பேரைச் சொன்னாள்.

அரிகிருஷ்ணன். மேட்டுப்பாளையத்தில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. ஸ்டூடியோ கிடையாது, மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த கேமராவை வைத்துக்கொண்டு லீவு நாளில் கூப்பிட்ட இடத்துக்குப் போவான். ஆயம்மா வீட்டு விஷயத்துக்குப் பிறகு அவனை யாரும் கூப்பிடவில்லை. நான் போய் வாசலில் நின்றபோது அவன் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தான். வேலை என்றதும் கண் கலங்கிவிட்டது.

"ஐயா, முன்னாடியே சொல்லிடுறேன். அப்ப எனக்கு சிஸ்டம் சமாச்சாரம் தெரியாது. இப்பத் தெரியும். மெட்ராஸ்ல மாத்திக் குடுக்குறாங்க, நாலு நாள் ஆவும். என் செலவுலயே மாத்தித் தரேன். இந்த ஒண்ணு நல்லா வந்துடுச்சின்னா என் பேரு திரும்பிடும்."

"வேணாம்ப்பா. பையன் எல்லா சிஸ்டமும் ஓடுற மெஷினு வச்சிருக்கான். நீ எடுத்தத அப்படியே குடு, போதும்."

அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். கூலி பேசும்போது அவன் சொன்னதற்கு நான் மறுபேச்சுப் பேசவில்லை. அதில்தான் அவனுக்கு லேசாகச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. மெஷின் பற்றி நான் சொன்னது பொய். தேவதாஸ் வீட்டில் என்ன மெஷின் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஆயம்மா மாப்பிள்ளை வீட்டில் இருப்பது போன்ற ஒன்றுதான் இருக்கும் என்று நினைத்தேன். சரியாகத்தான் நினைத்திருக்கிறேன்.

இப்போது மஞ்சளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வைகாசியிலேயே ராஜாங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை. விலாவைப் பிடித்துக்கொள்வான். உடம்பெல்லாம் அரிக்கிறது என்று சொறிவான். ஆனி பிறந்ததும் கண் மஞ்சளானது. பிறகு நகம், உள்ளங்கை, நாக்கு. முதலில் பார்த்தது நான் இல்லை, சமையல்காரி அஞ்சலாட்சி. பேசுகிறபோது இரண்டு கையையும் ஆட்டி ஆட்டிப் பேசுகிற பெண் அவள். ராஜாங்கத்திடம் பேசினால் கூத்து ஆடுகிற மாதிரி இருக்கும். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து பத்து நாள் கொடுத்துப் பார்த்தாள். இறங்கவில்லை. என்னிடம் வந்தாள்.

"அண்ணே, இது கீழாநெல்லிக்கு அடங்குற காமாலை இல்ல. ஐயாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. பையனுக்குத் தந்தி அடிங்க. கண்ணப் பாத்தீங்களா, கொழச்ச மஞ்சளு மாதிரி."

"பாக்குறேம்மா."

"பாக்குறேன் பாக்குறேன்னு பத்து நாளாச்சி. நீங்க அடிக்கலன்னா நான் போயி அடிக்கிறேன்."

மறுநாள் காலையில் அவளைத் தெருமுனையிலேயே நிறுத்தி, ராஜாங்கம் இனிமேல் சமையலுக்கு ஆள் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகச் சொன்னேன். தேவதாசுக்குத் தந்தி ஏற்கெனவே அடித்தாயிற்று, அவன் வந்துகொண்டிருக்கிறான் என்றும் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் அழுதாள். "ஐயாவ ஒரு தரம் பாத்துட்டுப் போறேன்" என்றாள். தூங்குகிறான் என்றேன். அன்றிலிருந்து கஞ்சி நான்தான் வைத்தேன். உப்பு அளவாகப் போட்டு, நன்றாகத்தான் வைத்தேன்.

மூக்குக்கண்ணாடி விஷயத்தையும் எழுதிவிடுகிறேன். தேவதாஸ் அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறான். கண்ணாடி தானாகக் கீழே விழுந்துதான் உடைந்தது. ரிப்பேருக்குக் கொடுத்தது நான். ஒரு வாரத்தில் தயாராகிவிட்டது. போய் வாங்காததும் நான்தான். கண்ணாடி இல்லாமல் ராஜாங்கத்தால் எழுத முடியாது, படிக்க முடியாது. அதனால்தான் கடிதங்கள் என் கையெழுத்தில் போயின. அவன் சொல்லச் சொல்ல எழுதுவேன். "ஆதிமூலம், தெம்பே இல்லய்யா. பையன வரச் சொல்லி எழுது" என்பான். நான் "நலம், நலமறிய ஆவல், மழை நல்ல மழை" என்று எழுதுவேன். மகனிடமிருந்து வரும் கடிதத்தை நான் உரக்கப் படித்துக் காட்டுவேன். படித்தது, எழுதியிருந்தது, இரண்டும் ஒன்றாக இருந்ததில்லை. அவன் என் முகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடிதத்தை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்ப்பான். பிறகு கேட்பான்: "கண்ணாடி வந்துடுச்சா?"

தினமும் கேட்பான். நாளைக்கு என்று தினமும் சொன்னேன்.

ஏன் செய்தேன் என்று நேற்று கேட்டீர்கள். தேவதாஸ் வந்தால் அழைத்துப் போய்விடுவான். அங்கே குணமாகும். குணமானபின் ராஜாங்கம் திரும்பி வருவானா? பேரப்பிள்ளைகள் இருக்கிற வீட்டை விட்டு எவன் வருவான்? நாலு மணிக்கு நான் எங்கே போய் உட்காருவது? இதை நான் சுயநலமாக நினைக்கவில்லை, ஏனென்றால் நான் அவனிடம் கேட்டுவிட்டேன். ஆனி மாதக் கடைசி. இரண்டு பேரும் வாசலில் உட்கார்ந்திருந்தோம். அவன் மின்கம்பத்தில் இருந்த காக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் சொன்னேன்: "யோவ் ராஜாங்கம், அந்தக் குளுருல போயி இன்னா பண்ணப் போற? பேச்சுத் துணைக்கு ஆள் இல்ல. செத்தா பொட்டியில போட்டுப் பொதப்பான். இங்கயே இருந்துடேன். எது வந்தாலும் நான் இருக்கேன்." காக்கை பறந்து போயிற்று. என் பக்கம் திரும்பினான். நான் பேசி முடித்துவிட்டதைப் பார்த்துவிட்டு, "சரிதான்" என்றான்.

அவன் வாயால் சொன்னான். அதற்கு மேல் நான் செய்ததெல்லாம் அவன் சம்மதத்தின் பேரில் செய்தது.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் படம் பிடித்தோம். ராஜாங்கத்துக்குப் பட்டாளத்துக் கோட்டு போட்டுவிட்டு மெடல்களைக் குத்தினேன். கோட்டு தொளதொளவென்று தொங்கியது. பின்பக்கம் ஊக்கு போட்டு இறுக்கினேன். அரிகிருஷ்ணனுக்கு உதவிக்கு ஆள் இல்லை, லைட்டை நானே பிடித்தேன். அவன் கேமராவில் கண்ணை வைத்தான். அந்தக் கேமராவுக்குள் பார்த்தால் படம் கருப்பு வெள்ளையாகத்தான் தெரியுமாம். வெகுநேரம் பார்த்துவிட்டு, "கம்பீரமா இருக்காருய்யா" என்றான். பிறகு கண்ணை எடுத்து நேராகப் பார்த்தான். மறுபடியும் கேமராவுக்குள் பார்த்தான். மறுபடியும் நேராகப் பார்த்தான்.

"ஐயா, இவருக்குக் காமாலையா?"

"இருந்துச்சி. எறங்கிடுச்சி. கண்ணுல மட்டும் கொஞ்சம் தங்கியிருக்கு."

"கேசட்டுல கலர்ல பாத்தா பையன் பயந்துடப் போறாரு."

"பயப்பட மாட்டான். நான் எழுதிட்டேன்."

அவன் பிடிக்க ஆரம்பித்தான். "நடங்க ஐயா" என்றான். ராஜாங்கம் நடக்கவில்லை. "ஐயா, நடங்க" என்று இன்னும் இரண்டு தரம் சொன்னான். பட்டாளத்துக்காரன், கண்டவன் சொல்லுக்கெல்லாம் நடப்பானா? நான் லைட்டை அசைத்துக் காட்டியதும் நடந்தான். வாசலிலிருந்து முருங்கை மரம் வரை. மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு யாரும் சொல்லாமலே கேமராவைப் பார்த்து மகனிடம் பேச ஆரம்பித்தான். ஒரு வார்த்தைகூடத் தமிழில் இல்லை, முழுக்கப் பிரெஞ்சு. எனக்கும் தெரியாது, அரிகிருஷ்ணனுக்கும் தெரியாது. நாலைந்து நிமிடம் பேசினான். நடுவில் என் பக்கம் கையைக் காட்டினான். கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

என் கை வலித்தது. ஆனாலும் லைட்டை அணைக்கவில்லை.

அரிகிருஷ்ணன் மூட்டை கட்டும்போது சொன்னேன்: "பேச்சு வேணாம்ப்பா. கல்யாண கேசட்டுல போடுவீங்களே, அந்த மாதிரி முழுக்க நாதஸ்வரம் போட்டுடு."

"அப்பா பேசுறது பையனுக்குக் கேக்க வேணாமா ஐயா? பாட்டு மேல ஏத்துனா கீழ இருக்கறது அழிஞ்சிடும்."

"மங்களகரமா இருக்கட்டும்" என்றேன். அவன் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவனுக்கு என்னை விட்டால் வேறு வேலை இல்லை. சொன்னபடி செய்து கொடுத்தான். லீவுக்கு வந்து திரும்பிப் போன ஒரு குடும்பத்திடம் கேசட்டைக் கொடுத்தனுப்பினேன்.

பதில் வருகிறவரை இருந்த நாட்களில்தான் எனக்குக் கொஞ்சம் கஷ்டம். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் வாசலுக்கு ஓடுவேன். ஒருவேளை கலர் வந்துவிட்டால்? ராஜாங்கம் அப்போது எழுந்து உட்காரவே தலைகாணி வைக்க வேண்டியிருந்தது. அவன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்வேன். பாதியில் தூங்கிப்போவான். விழித்தால் "அப்புறம்?" என்பான். விட்ட இடத்திலிருந்து சொல்வேன்.

இருபத்து மூன்றாம் நாள் கடிதம் வந்தது. "மாமா, கேசட்டு பாத்தோம். பிள்ளைங்கல்லாம் தாத்தா தாத்தான்னு டிவிய முத்தம் கொடுத்துச்சிங்க. கலர் வரல, பரவால்ல. அப்பா கொஞ்சம் எளச்சிருக்காரு, ஆனா மெடலெல்லாம் போட்டுக்கிட்டு நிமிந்து நடக்குறாரு. இப்பதான் எனக்குத் தூக்கம் வந்துச்சி. இப்ப லீவு கெடைக்கல, டிசம்பர்ல வரேன். நீங்க செஞ்ச உதவிய மறக்க மாட்டேன்."

நான் அந்தக் கடிதத்தை மட்டும் எழுதியிருந்தபடியே படித்துக் காட்டினேன். ராஜாங்கம் என் முகத்தைப் பார்த்தான்.

"கண்ணாடி வந்துடுச்சா?" என்றான்.

புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை நினைவு தப்பியது. அன்றைக்குத்தான் ரிக்ஷா பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். கொண்டுபோகவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. டாக்டர் சின்ன வயசுக்காரர். பித்தக் குழாயில் கல் அடைத்திருக்கிறது, ஆடியிலாவது கொண்டுவந்திருந்தால் எடுத்திருக்கலாம், இப்போது ரத்தமெல்லாம் கெட்டுவிட்டது என்றார். மூன்றாம் நாள் முடிந்தது. தேவதாசுக்கு அன்றைக்குத் தந்தி அடித்தேன். அவன் வந்து கொள்ளி வைத்தான்.

பதினாறாம் நாள் காரியம் வரை என்மேல் யாருக்கும் வருத்தமில்லை. தேவதாஸ் என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். "அப்பாவுக்குக் கடைசி வரைக்கும் நீங்கதான் மாமா" என்றான். ஆமாம் என்றேன். உண்மைதானே.

காரியத்தன்று சாப்பாடு முடிந்தது. அவன் பெட்டியிலிருந்து கேசட்டை எடுத்தான். அங்கிருந்து திரும்பக் கொண்டுவந்திருக்கிறான். சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒருமுறை அப்பாவை உயிரோடு பார்க்கட்டும் என்றான். எனக்கு அது தோன்றவே இல்லை, ஐயா. எத்தனையோ யோசித்தேன், கேசட் திரும்பி வரும் என்று யோசிக்கவில்லை.

"எங்க வூட்ல டிவி இருக்கு, எடுத்தாரேன்" என்றேன். என்னுடையது கருப்பு வெள்ளை.

"இன்னாத்துக்கு மாமா செரமம்? வாடகைக்குச் சொல்லிட்டேன். கலர் டிவி, கேசட்டு போடுற டெக்கு, ரெண்டும் வந்துட்டிருக்கு."

வந்தது. கொண்டுவந்தவன் அரிகிருஷ்ணன். லீவு நாளில் டெக் வாடகைக்கும் விடுகிறான் போலிருக்கிறது. மின்சாரம் போய்விடாதா என்று பார்த்தேன். தினமும் போகிற மின்சாரம் அன்றைக்குப் போகவில்லை. கூடம் முழுக்க ஆட்கள். முன்வரிசையில் ஆயம்மா. வாசற்படியில் அஞ்சலாட்சி, சேதி கேட்டு மூலக்குளத்திலிருந்து வந்திருந்தாள். எழுந்து போய்விடலாம் என்று பார்த்தேன். தேவதாஸ் என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டான்.

நாதஸ்வரம் முதலில் கேட்டது. பிறகு படம் வந்தது. முருங்கை இலை பச்சையாக இருந்தது. மெடல் நாடா சிவப்பாக இருந்தது. நடுவில் ராஜாங்கம் நடந்து வந்தான். முகம், கழுத்து, கை, எல்லாம் எலுமிச்சஞ்சோறு. மரத்தைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்தான். கண் இரண்டும் சாமந்தி மாதிரி இருந்தன.

நாதஸ்வரம் மட்டும் ஒலித்துக்கொண்டிருந்தது.

"நான் சொன்னேனே" என்றாள் அஞ்சலாட்சி. "ஆனி மாசமே சொன்னேனேண்ணே. தந்தி அடிச்சிட்டேன்னு சொன்னீங்களே."

தேவதாஸ் திரும்பி அரிகிருஷ்ணனைப் பார்த்தான். "அங்க கலர் வரலியே. இதே கேசட்டுதான்."

அரிகிருஷ்ணன் பாவம், வியர்த்துவிட்டான். "சார், நான் அன்னைக்கே சொன்னேன், சிஸ்டம் மாத்தணும்னு. என் செலவுல மாத்தித் தரேன்னேன். இவருதான் வேணாம்னாரு. உங்க வூட்ல எல்லாம் ஓடுற மெஷினு இருக்குன்னாரு."

திரையில் ராஜாங்கம் வாயை அசைத்துப் பேசிக்கொண்டிருந்தான். என் பக்கம் கையைக் காட்டினான்.

"அப்பா இன்னா சொல்றாரு?" என்று தேவதாஸ் கேட்டான். குரலை உயர்த்தவில்லை. "மாமா, அப்பா அங்க இன்னா சொல்றாரு?"

"நல்லா இருக்கேன்னு சொல்றாரு" என்றேன்.

அவன் என் கையை விட்டான். நடந்தது அவ்வளவுதான். யாரும் என்னை அடிக்கவில்லை. மறுநாள் சிவப்புத் தொப்பி போட்ட உங்கள் ஆள் வந்து கூப்பிட்டபோது நானாகத்தான் நடந்து வந்தேன்.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். ராஜாங்கத்துக்கு வைத்தியம் கிடைக்காமல் செய்தது நான். அவன் மகனின் கண்ணை மறைத்தது நான். அவன் சாவான் என்று ஆடி மாதமே எனக்குத் தெரியும், தெரிந்தே செய்தேன். கொலை என்று எழுதச் சொன்னால் எழுதுகிறேன்: கொன்றேன். ஆனால் ஒன்றையும் சேர்த்து எழுதிக்கொள்ள வேண்டும். பதினோரு வருடம் நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டவன் அவன். இங்கேயே இருந்துவிடு என்று நான் சொன்னதையும் கேட்டுத்தான் சம்மதித்தான். பிரான்சில் அவனுக்கு வைத்தியம் கிடைத்திருக்கும், என்னைப் போல் ஒருவன் கிடைத்திருக்க மாட்டான்.

தேவதாஸ் உங்களிடம் கொடுத்த பென்ஷன் காகிதங்களில், பிரெஞ்சு ராணுவ ஆஸ்பத்திரி கொடுத்த சான்றிதழ் ஒன்று இருக்கிறது. இன்று காலை நீங்கள் ஆள் வைத்துத் தமிழில் படிக்கச் சொன்னீர்கள்: பக்கத்தில் பீரங்கிக் குண்டு வெடித்ததால் ஐம்பத்திரண்டாம் வருடத்திலிருந்து ராஜாங்கத்துக்கு இரண்டு காதும் அறவே கேட்காது.